எஸ்டேட் பிள்ளைகளுக்கு அறிவியல் ஆர்வம் வர வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் உதவுமா?

உதவும். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் வழியில் உதவாது. "நல்ல அறிவியல் வீடியோக்களாகப் பொறுக்கி, வசதி குறைந்த பிள்ளைகளின் குழுவில் தினமும் போட்டால் போதுமா?" என்பது உங்கள் கேள்வி. போதாது. குழுவுக்கு நாம் என்ன அனுப்புகிறோம் என்பதைவிட, பிள்ளைகள் என்ன அனுப்புகிறார்கள் என்பதுதான் முக்கியம். தொழில்நுட்ப ஆர்வம் எங்கே வரும், எந்த ஆப் நல்லது என்றும் கேட்டிருந்தீர்கள்; அதற்கும் வருகிறேன்.

நான் மூணாறு மலையில் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகள் எல்லாரும் தேயிலைத் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருந்து வருகிறவர்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் எஸ்டேட் வேலை. வீட்டுக்கு ஒரு நல்ல போன் இருக்கும், அதுவும் காலையில் கொழுந்து எடுக்கப் போகிறவர் கையோடு போய்விடும். சாயங்காலம்தான் திரும்பி வரும். ஆகவே எங்கள் குழுவுக்கு உயிர் வருவதே ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான்.

கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்தபோது, 2020 ஜூன் 1 அன்று கேரள அரசின் கல்விச் சேனலான விக்டர்ஸ் வழியாக ஃபர்ஸ்ட் பெல் என்ற டிவி வகுப்புகள் தொடங்கின. தமிழ் மீடியத்துக்கும் யூடியூபில் பாடங்கள் வந்தன. பார்ப்பதற்கு ரேஞ்ச் வேண்டுமே! (இங்கே யாரும் சிக்னல் என்று சொல்வதில்லை, ரேஞ்ச்தான்.) மேட்டில் ஏறி, குடையைப் பிடித்துக்கொண்டு பாடம் பார்த்த பிள்ளைகள் இன்றைக்குக் கல்லூரியில் இருக்கிறார்கள். யூடியூபில் குவிந்து கிடக்கும் தமிழ் அறிவியல் வீடியோக்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு எடுத்தவை. கேரளப் பாடத்திட்டத்துக்கு எடுத்தவை மலையாளத்தில் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் படிப்பது கேரளப் பாடம், தமிழில். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு இன்னொரு வீடியோ லிங்க் அனுப்பினால் கட்டை விரல் படம் ஒன்று பதிலாக வரும், அவ்வளவுதான்.

எங்களுக்குக் கைகொடுத்தது மழை.

கோட்டயம் மாவட்டத்து மீனச்சில் ஆற்றோரத்தில் பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் மழை அளந்து வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொள்கிறார்கள். வயநாட்டில் ஹியூம் மையம் என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம் தன்னார்வலர்களை வைத்து மழைமானிகளை நடத்துகிறது. அதைப் பார்த்துத்தான் நாமும் செய்யலாமே என்று தோன்றியது. பெற்றோர் தயங்கவில்லை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி எங்கள் மலையிலேயே உள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்கள். கரண்டும் இல்லை, போனும் இல்லை, வெளியே தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் மழையை அளப்பதை யாரும் விளையாட்டு என்று நினைக்க மாட்டார்கள்.

கருவிக்குப் பெரிய செலவில்லை. வாய் 11.3 செ.மீ. விட்டம் உள்ள பிளாஸ்டிக் புனல், கீழே இரண்டு லிட்டர் பாட்டில். அந்தப் புனலின் வாய்ப் பரப்பு கிட்டத்தட்ட 100 சதுர செ.மீ. அதனால் பாட்டிலில் சேரும் ஒவ்வொரு 10 மி.லி. தண்ணீரும் 1 மி.மீ. மழை. இருமல் மருந்தோடு வரும் மூடியில் 10 மி.லி. கோடு இருக்கும். சேர்ந்த தண்ணீரை ஒரு அரை லிட்டர் பாட்டிலில் ஊற்றி, அது நிறைந்தால் 50 மி.மீ., மிச்சத்தை மூடியால் அளந்துகொள்ளலாம். இரண்டு லிட்டரும் நிரம்பினால் 200 மி.மீ. வானிலைத் துறை 204.4 மி.மீ.க்கு மேல் போனால்தான் அதி கனமழை என்கிறது. பாட்டில் வழிந்தால் அது எவ்வளவு பெரிய மழை என்று ஏழாவது படிக்கிற பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வானிலைத் துறையின் கணக்கு காலை 8.30-க்கு 8.30. பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் எங்கள் பிள்ளைகள் கொஞ்சம் முன்னாலேயே அளந்து நோட்டில் எழுதிவிடுவார்கள். போன் வீட்டுக்கு வந்ததும் எண் குழுவுக்கு வரும். பாதிப் பேர் எழுதுவதில்லை, குரல் பதிவுதான். "டீச்சர், எங்க டிவிஷன்ல இன்னிக்கு நூத்திப்பத்து, பாட்டில் பாதிக்கு மேல." எழுத்துப்பிழை பயம் உள்ள பிள்ளைகள் இதில்தான் வாயைத் திறந்தார்கள்.

ஜூலையில் ஒருநாள் ராஜமலைப் பக்கத்துப் பையன் நூற்றுக்கு மேல் ஒரு எண்ணைப் போட்டான். மறையூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கப் போயிருந்த எங்கள் பெண் ஒருத்தி "எனக்கு பூஜ்யம்" என்றாள். இரண்டு இடத்துக்கும் இடையே பெரிய தூரம் ஒன்றும் இல்லை. "சும்மா சொல்றா டீச்சர், அளக்கவே இல்ல" என்று பையன்கள் கிளம்பிவிட்டார்கள். அவள் காய்ந்த பாட்டிலைப் படமெடுத்துப் போட்டாள், பின்னால் வெயில். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாவது படிக்கிற ஒருத்தன்தான் சொன்னான், மேற்கிலிருந்து வருகிற காற்று மலையேறும்போதே தண்ணீரைக் கொட்டிவிடும், அந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்துபோய்விடும் என்று. மழை மறைவுப் பகுதி என்று புத்தகத்தில் வாசித்ததுதான், ஆனால் தன் வகுப்புத் தோழி அதற்குள் குடியிருக்கிறாள் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை வந்தபோது மறையூரிலிருந்தும் நல்ல எண்கள் வரத் தொடங்கின. அவள் விட்டாளா? தினமும் முதல் பதிவு அவளுடையதுதான்.

இன்னொரு பையனுக்கு எப்போதும் பக்கத்து லயத்தைவிட மிக அதிகமாக வந்தது. படம் கேட்டார்கள். பாட்டில் கூரைத் தகரத்தின் விளிம்புக்குக் கீழே இருந்தது. கண்டுபிடித்தது ஐந்தாம் வகுப்புச் சிறுமி. ஆய்வுக் கட்டுரைகளைச் சரிபார்ப்பவர்கள் செய்வதும் இதே வேலைதான், அவளுக்குத்தான் அது தெரியாது.

லிட்டில் கைட்ஸ் என்ற பள்ளிக் கணினிக் குழுவில் இருக்கும் பிள்ளைகள் எண்களைப் பள்ளிக் கம்ப்யூட்டரில் ஏற்றி வரைபடம் போடுகிறார்கள். எஸ்டேட் ஆபீஸ் பதிவேட்டில் மழை அங்குலத்தில் இருக்கும். அதை 25.4-ஆல் பெருக்கித் தங்கள் எண்ணோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் ஏன் வருகிறது என்ற சண்டை ஒரு வாரம் ஓடியது. தொழில்நுட்ப ஆர்வம் எங்கே வரும் என்று கேட்டீர்களே, இங்கேதான் வந்தது. வரைபடம் அம்மாவின் போனில் ஸ்டேட்டஸாக ஏறுகிறது. பெரியம்மா, சித்தப்பா எல்லாரும் பார்க்கிறார்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குழு எச்சரிக்கை அமைப்பு இல்லை. ரெட் அலர்ட் வந்தால் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, மாவட்ட நிர்வாகம் சொன்ன இடத்துக்குப் போய்விட வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் ஒவ்வொரு ஜூனிலும் சொல்கிறோம்.

குழு நடத்த எங்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. யார் முகமும் படத்தில் வரக் கூடாது; கையும் கருவியும் போதும். பெண் பிள்ளைகள் வீட்டில் சம்மதம் கிடைத்ததே இதனால்தான். பிள்ளை தனியாக டீச்சருக்கோ, டீச்சர் தனியாகப் பிள்ளைக்கோ செய்தி அனுப்புவதில்லை. குழுவில் இருப்பது பெற்றோர் எண்தான், பிள்ளை பெயரில் கணக்கு கிடையாது. 13 வயதுக்குக் குறைந்தவர்கள் தாங்களாகக் கணக்கு தொடங்க வாட்ஸ்அப்பே விடுவதில்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

எதிர்பாராமல் கிடைத்த பலன் ஒன்று உண்டு. மழைக்காலம் வந்தால் முல்லைப் பெரியாறு அணை பற்றிய வதந்தி வந்துவிடும். தேனி பக்கத்துச் சொந்தக்காரர்கள் அனுப்புவது ஒரு மாதிரி, மலையாள நண்பர்கள் அனுப்புவது வேறு மாதிரி. இரண்டும் ஒரே போனுக்கு வரும். 2018 ஆகஸ்டில் இடுக்கி நீர்த்தேக்கத்தின் செருதோணி அணை ஷட்டர்களைத் திறந்த வீடியோ எங்கள் குழுவுக்கே முல்லைப் பெரியாறு என்ற பெயரில் வந்தது. "இது எந்த அணை? எப்ப எடுத்தது? நீர்மட்டம் எத்தனை அடி?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். 142 அடி என்பது 2014 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அனுமதித்த அளவு என்று அவர்களே தேடி எடுத்துப் போட்டார்கள். அனுப்பிய பெரியவர் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் குழுவில் பேசவில்லை.

இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். பத்தாவது வரை தமிழில் படித்த பிள்ளை ப்ளஸ் ஒன்னில் சயன்ஸ் எடுத்தால் புத்தகம் ஆங்கிலத்தில், வகுப்பில் பேச்சு மலையாளத்தில். அந்த மதிலை எந்த வாட்ஸ்அப் குழுவும் இடிக்காது. அதற்கு ஆசிரியர் வேண்டும், ஹாஸ்டல் வேண்டும், பஸ் வேண்டும்.

எந்த ஆப் என்று கேட்டிருந்தீர்கள். வாட்ஸ்அப்பில் தொடங்குங்கள், ரேஞ்ச் குறைவாக இருந்தாலும் குரல் பதிவு எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும். இன்ஸ்டாகிராமில் பள்ளிப் பெயரில் ஒரு கணக்கு வைத்து, வரைபடங்களை ஆசிரியர் மட்டும் போடலாம். மலையில்லாத ஊர் என்றால் மழைக்குப் பதில் கிணற்று நீர்மட்டத்தையோ, வகுப்பறைக்குள் மதிய வெப்பநிலையையோ அளக்கச் சொல்லுங்கள். மழைதான் என்றால் மே மாதமே புனலை வாங்கி வையுங்கள். ஜூனில் கடையில் அந்த அளவு கிடைப்பதில்லை.