தத்துக் கட்டணம் என்று போட்டாலும் அனுமதி வேண்டும்

நண்பரே, ஓஹையோவில் பிடித்த கார்பென்டர் எறும்பு (மரத்தைக் குடைந்து கூடு கட்டும் எறும்பு) ராணிகளை மிச்சிகனில் எறும்பு வளர்ப்பவர்களுக்கு அனுப்பும்போது, விளம்பரத்தில் ‘விற்பனை’க்குப் பதில் ‘தத்துக் கட்டணம்’ என்று போட்டால் சிக்கல் வராதா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். அமெரிக்க வேளாண் துறை பார்ப்பது உயிருள்ள எறும்பு மாநில எல்லையைத் தாண்டுகிறதா என்பதைத்தான். சும்மா கொடுத்தாலும் அந்தத் துறை தரும் பிபிகியூ 526 (PPQ 526) என்ற அனுமதி வேண்டும். பேசாமல் ஓஹையோவுக்குள்ளேயே ஆள் பாருங்கள். காசு வாங்கினால் விற்பனை என்றே எழுதுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அதைவிட எனக்கு உறுத்துவது, விளம்பரத்தில் ‘காலனி’, அதாவது ராணியும் வேலைக்கார எறும்புகளும் சேர்ந்த கூட்டம், என்று நீங்கள் போட்டிருப்பது. படத்தில் பஞ்சடைத்த சோதனைக் குழாய், ஒரு ராணி, ஏழெட்டு முட்டை. வேலைக்கார எறும்பு ஒன்றுகூட இல்லை. புதிதாக வாங்குபவர் ஏமாந்துபோவார். ‘முட்டையிட்ட ராணி, வேலைக்காரர் இல்லை’ என்று போட்டு, பிடித்த மாதத்தையும் சேர்த்துவிடுங்கள்.