பி16ஏ மாற்றிய பிறகு விடெக் திறக்கவில்லை

வணக்கம் நண்பரே. 93 ஹோண்டா சிவிக்கில் ஜப்பான் ஹாஃப்கட் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்) பி16ஏ எஞ்சினும் அதன் பி30 ஈசியூவும் (எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி) போட்டும் 6000 ஆர்பிஎம்-க்கு மேல் இழுவை இல்லை, விடெக் (எஞ்சின் வேகமாகச் சுழலும்போது வால்வுகளை அதிகமாகத் திறக்கும் ஹோண்டா அமைப்பு) திறக்கவில்லை என்கிறீர்கள். எஞ்சினைக் குறை சொல்லாதீர்கள், முதலில் வயரைப் பாருங்கள். உங்கள் பழைய டி15 எஞ்சினில் விடெக் கிடையாது, அதனால் அதன் வயரிங்கிலும் விடெக் சோலனாய்டு (விடெக்குக்கு ஆயிலைத் திறந்துவிடும் மின் வால்வு), ஆயில் பிரஷர் சுவிட்ச் (ஆயில் அழுத்தம் வந்ததா என்று ஈசியூவுக்குச் சொல்வது) இரண்டுக்கும் வயர் இருக்காது. தனியாக இழுத்தாக வேண்டும்.

டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள இரண்டு பின் கனெக்டரின் பின்களை ஒரு வயரால் இணைத்து (ஜம்பர் செய்து) சாவியைத் திருப்புங்கள். எஞ்சின் விளக்கு நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று மின்னினால் பிழைக் குறியீடு 21, சோலனாய்டு பக்கம் கோளாறு. நீளமாக இரண்டு, குட்டையாக இரண்டு என்றால் 22, பிரஷர் சுவிட்ச்.

வயர் சரியா? அப்புறம் சோலனாய்டை அளந்து பாருங்கள், 14 முதல் 30 ஓம் வர வேண்டும். கழற்றும்போது அடியில் இருக்கும் வலை கேஸ்கெட்டையும் பாருங்கள். என்னுடையதில் கறுப்புக் கசடு தார் மாதிரி அப்பியிருந்தது. புதிது போட்டதும் விடெக் திறந்துவிட்டது. ஆயில் அளவையும் பாருங்கள், குறைந்தாலும் விடெக் வராது.

ஜேபிஜே (மலேசிய சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதலும் புஸ்பாகோம் வாகனச் சோதனையும் முடிக்காமல் ரோட்டில் ஓட்டாதீர்கள்.