சர்வாதிகார அரசுகள் பிரச்சாரத்தையும் தணிக்கையையும் வைத்து மக்களை எப்படிக் கட்டுப்படுத்துகின்றன?

இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் புரியாது. பிரச்சாரம் ஒரே குரலை எங்கும் ஒலிக்க வைக்கிறது. தணிக்கை மற்ற குரல்களின் வாயை அடைக்கிறது.

நாஜி ஜெர்மனியின் வானொலியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1933 மார்ச்சில் பிரச்சாரத்துக்கென்றே ஓர் அமைச்சகம் வந்தது, கோயபல்ஸ் அமைச்சரானார். அதே ஆண்டு 'மக்கள் வானொலி' என்ற மலிவான பெட்டியை 76 மார்க்குக்கு விற்கத் தொடங்கினார்கள். அதன் மாடல் எண் 301. ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30-ஐக் குறிக்கும் எண்ணாம்! சரி, பெட்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. அப்புறம்? 1939 செப்டம்பரில் வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பதே குற்றமானது. கேட்டதை மற்றவர்களிடம் பரப்பினால் மரண தண்டனை வரை போகலாம். பத்திரிகைகளை அதற்கு முன்பே, 1933 அக்டோபர் சட்டத்தில் மடக்கிவிட்டார்கள்: அரசின் பட்டியலில் பெயர் இருந்தால்தான் பத்திரிகையாளர், யூதர்களுக்கு இடமில்லை.

சோவியத் ஒன்றியம் கடந்த காலத்தையே திருத்தியது. ஸ்டாலினின் ரகசியக் காவல்துறைத் தலைவராக இருந்த பெரியா 1953-இல் கொல்லப்பட்டதும், கலைக்களஞ்சியம் வாங்கியவர்களுக்கு மாற்றுப் பக்கங்கள் தபாலில் வந்தன: பெரியா பற்றிய பக்கத்தை வெட்டிவிட்டு பெரிங் கடல் பற்றியதை ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். ருமேனியாவில் 1983 முதல் தட்டச்சு இயந்திரத்தைக்கூடக் காவல்துறையிடம் பதிய வேண்டியிருந்தது, அது அடிக்கும் எழுத்துகளின் மாதிரியோடு.

என்னைக் கேட்டால், மிகப் பெரிய வேலையைச் செய்வது சுயதணிக்கைதான். எது தடை என்று தெளிவாகச் சொல்லாமல் விட்டாலே போதும், எழுதுபவர் பயந்து தானாகவே நாலு அடி தள்ளி நின்றுகொள்வார். இப்படி எல்லோரும் வாயை மூடிக்கொண்டால், பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் ஆட்சியை ஆதரிப்பது போலவே தோன்றும்.