முகம் கோணியதற்குக் காதைச் சோதிப்பது ஏன்?

கேள்வி (வாசகி, குளச்சல்): என் கணவருக்கு வயது 49, விசைப்படகில் இயந்திரம் இயக்குகிறார். கடலிலிருந்து திரும்பிய மறுநாள் காலையில் வாய் வலப்பக்கம் கோணிவிட்டது. இடக்கண்ணை மூட முடியவில்லை. நாகர்கோவிலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ‘பெல்ஸ் பால்ஸி’ (முகநரம்பு வீங்கி முகத்தின் ஒரு பக்கம் அசையாமற்போகும் முகவாதம்) என்று கூறி அன்றே மாத்திரையைத் தொடங்கிவிட்டு, காதுகேட்புச் சோதனையும் எடுக்கச் சொன்னார். காதில் குறை எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தோம். அறிக்கையிலோ, இரு காதுகளிலும் 4000 ஹெர்ட்ஸ் அளவில் கேட்பு குறைந்திருப்பதாகவும், இடக்காதில் ‘ஸ்டேப்பிடியல் ரிஃப்ளெக்ஸ்’ இல்லை என்றும் உள்ளது. பாத்திரம் விழுந்தாலும் அந்தக் காதைப் பொத்திக்கொள்கிறார். கடற்காற்று அடித்து வந்ததற்குக் காதில் செலவழித்தது வீண் என்கிறார்கள் உறவினர்கள். அவர்கள் சொல்வது சரிதானா?

பதில்: வீண் இல்லை. முகத் தசைகளை இயக்கும் 7-ஆம் மூளை நரம்பும், கேட்புக்கும் உடலின் சமநிலைக்கும் உரிய 8-ஆம் நரம்பும் மூளைத்தண்டிலிருந்து அருகருகே புறப்பட்டு, உட்செவியை நோக்கிச் செல்லும் ஒரே எலும்புக் குழாய்க்குள் சேர்ந்தே நுழைகின்றன. அதன்பின் 7-ஆம் நரம்பு மட்டும் தனி வழியாகப் பிரிந்து, குறுகிய எலும்புப் பாதையில் நடுச்செவியின் சுவரை ஒட்டி வளைந்து, காதுக்குப் பின்கீழ்ப்புறம் வெளிவந்து முகமெங்கும் கிளைக்கிறது. பெல்ஸ் பால்ஸியில் அந்தக் குறுகிய பாதைக்குள் வீங்கி நசுங்குவது 7-ஆம் நரம்பு மட்டுமே. ஆகவே கேட்புத்திறன் பொதுவாகக் குறைவதில்லை. முகம் கோணிய அதே பக்கத்துக் காதும் மந்தமாகியிருந்தால், இரு நரம்புகளும் சேர்ந்திருக்கும் இடத்தில் கட்டியோ, காதெலும்பை அரிக்கும் நாட்பட்ட சீழ்நோயோ, அக்கிக் கிருமியோ இருக்கக்கூடும் என்று மருத்துவர் ஐயுற்று, எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார். ஒரு காது மெல்ல மெல்ல மந்தமாவதை நோயாளியே உணராமல் இருப்பது சாதாரணம் என்பதால், ‘நன்றாகத்தான் கேட்கிறது’ என்ற சொல்லை மட்டும் நம்பி இதை விட்டுவிட முடியாது.

உங்கள் கணவரின் ஆடியோகிராமில் (காதுகேட்புச் சோதனையின் வரைபடம்) உள்ள குறைவு இரு காதுகளிலும் ஒரே அளவாக, 4000 ஹெர்ட்ஸ் அருகில் மட்டும் பள்ளமாக இருக்குமானால், அது முகவாதத்தால் வந்ததன்று. நெடுங்காலம் பேரிரைச்சலில் வேலை செய்தவர்களிடம் காணப்படும் குறை அது. படகின் இயந்திர அறையில் நிற்பவருக்கு அது இருப்பதில் வியப்பில்லை. முகவாதத்துக்கென்று மருத்துவர் தேடுவது இடக்காதுக்கும் வலக்காதுக்கும் உள்ள வேறுபாட்டையே. இனிமேலாவது வேலை நேரத்தில் காதடைப்பான் அணியச் சொல்லுங்கள்.

அடுத்து அந்த ‘ரிஃப்ளெக்ஸ்’. நடுச்செவியிலுள்ள அங்கவடி எலும்போடு ஸ்டேப்பிடியஸ் என்னும் மிகச்சிறிய தசை இணைந்திருக்கிறது. ஓசை பெரிதாக வரும்போது அது தானாகச் சுருங்கி எலும்பின் அசைவைக் கட்டுப்படுத்துகிறது. அந்தத் தசைக்கு நரம்பு கொடுப்பது செவிநரம்பு அன்று. 7-ஆம் நரம்பின் கிளைதான். ஆகவே இடப்பக்கம் அந்த அனிச்சைச் செயல் இல்லை என்றால், கிளை பிரியும் இடத்துக்கு முன்பே நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்கொள்ளலாம். பாத்திரச் சத்தம் அவருக்கு மிகையாகத் தோன்றுவதும் இதனால்தான். காது கெட்டுப்போனதன் அறிகுறியாக அதை எண்ண வேண்டாம். நடுச்செவியில் நீர் தேங்கியிருந்தாலும் செவிப்பறையில் ஓட்டை இருந்தாலும் இந்தச் சோதனையில் விடை கிடைக்காது என்பதால், முதலில் நடுச்செவியின் அழுத்தத்தை அளந்து பார்ப்பார்கள். சில வாரங்கள் கழித்துத் திரும்பச் சோதிக்கையில் ரிஃப்ளெக்ஸ் மீண்டிருந்தால் அது நல்ல அடையாளம். சிலருக்கு முகம் அசையத் தொடங்குவதற்கு முன்பே அது திரும்பிவிடுகிறது.

மருத்துவர் சோதனைக்காகக் காத்திராமல் மாத்திரையைத் தொடங்கியதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையை முகம் கோணிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அது முழுப் பயன் தரும். ஆடியோகிராம் ஓரிரு நாள் தாமதமானாலும் கேடில்லை. சர்க்கரை நோய் இருந்தால் அந்த மாத்திரையால் சர்க்கரை ஏறும், அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையில் காதைவிடக் கண்ணே அவசரமானது. மூடாத கண் உலர்ந்து கருவிழி புண்ணாகிவிடும் என்பதால், பகலில் சொட்டு மருந்தும் இரவில் களிம்பும் இமையை மூடி ஒட்டும் நாடாவும் தேவை. கண் மூடும்வரை கடலுக்குப் போகாமலிருப்பது நல்லது. மூன்று மாதமாகியும் முகத்தில் அசைவே இல்லையென்றால் ஸ்கேன் அவசியம்.

காற்றைப் பற்றி ஒரு சொல். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ் மீதுதான் மருத்துவ உலகின் ஐயம் அதிகம். காற்றுதான் காரணமென்றால் காற்றாலைகள் நிறைந்த முப்பந்தல் வழியாக பைக்கில் போய்வருகிற பாதிப்பேருக்கு முகம் கோணியிருக்க வேண்டும்.

கேள்வி (வாசகர், மார்த்தாண்டம்): அம்மாவுக்கு வலக்காதில் கடும் வலியும் கொப்புளங்களும் வந்து, இரண்டு நாளில் முகமும் கோணிவிட்டது. தலைசுற்றுகிறது; அந்தக் காதும் மந்தமாகிவிட்டது. அக்கி எழுதினால் போதும் என்கிறார்கள். கேட்புச் சோதனை தேவையா?

பதில்: சோதனை தேவைதான், ஆனால் அதற்கு முன் இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் சொல்வதெல்லாம் ராம்சே ஹன்ட் நோய்க்குப் பொருந்துகின்றன. ஜேம்ஸ் ராம்சே ஹன்ட் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1907-இல் விவரித்த நோய் இது. சின்னம்மை உண்டாக்கிய வைரஸ் பல ஆண்டுகள் நரம்பு முடிச்சில் அடங்கிக் கிடந்து மீண்டும் கிளம்புவதே அக்கி. காதருகே கிளம்பும்போது 7-ஆம் நரம்போடு 8-ஆம் நரம்பையும் தாக்குவதால் கேட்பும் சமநிலையும் சேர்ந்து குலைகின்றன. பெல்ஸ் பால்ஸியைவிட இதில் முழுக் குணம் காண்பவர்கள் குறைவு என்பதால், ஏசைக்ளோவிர் வகை மருந்தையும் ஸ்டீராய்டையும் எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. கேட்புச் சோதனையை முதலில் ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டால்தான், சிகிச்சைக்குப்பின் காது எவ்வளவு மீண்டது என்று ஒப்பிட முடியும். அக்கி எழுதக் காவி பூசுவதால் வைரஸ் அடங்காது. கொப்புளங்களும் மறைந்து, மருத்துவர் நோயை அடையாளம் காண்பது கடினமாகிவிடும்.

கேள்வி (வாசகர், தக்கலை): முகம் கோணினால் அது பக்கவாதமா என்று வீட்டிலேயே அறிய முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். புருவங்களை உயர்த்தச் சொல்லுங்கள்: பெல்ஸ் பால்ஸியில் பாதிக்கப்பட்ட பக்கத்து நெற்றியிலும் சுருக்கம் விழாது, பெருமூளையைத் தாக்கும் பக்கவாதத்தில் நெற்றி பெரும்பாலும் தப்பிவிடும். எனினும் இதை மட்டும் வைத்து வீட்டில் இருந்துவிட வேண்டாம். கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், நடை தள்ளாட்டம் இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியிருக்கும்.