‘நானோ’ கீமோ ஊசி அம்மாவுக்கு வேண்டுமா?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “என் அம்மாவுக்கு வயது 62. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மார்பகப் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. சாதாரண பாக்லிடாக்சலுக்குப் பதிலாக நாப்-பாக்லிடாக்சல் என்ற நானோ மருந்தைப் போடலாம், செலவு கூடும் என்கிறார் மருத்துவர். இதில் முடி கொட்டாதா? பக்கவிளைவு இருக்காதா? ஒரு சொட்டு இரத்தத்தில் எல்லாப் புற்றுநோயையும் நானோ முறையில் கண்டறிந்து, நானோ தங்க மருந்தால் குணப்படுத்துவதாக உறவினர் அனுப்பிய விளம்பரத்தை நம்பலாமா?”

தங்கள் அம்மாவுக்குச் சொல்லப்பட்டிருப்பது புதிய மருந்து அன்று. பழைய மருந்தை உடலுக்குள் கொண்டு செல்லும் புதிய முறை. பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து தண்ணீரில் கரையாது. அதனால் ஆமணக்கெண்ணெயிலிருந்து தயாரிக்கப்படும் க்ரெமோஃபோர் என்ற கரைப்பானில் கலந்துதான் அதை ஏற்றி வந்தார்கள். அந்தக் கரைப்பான் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால், ஊசிக்கு முன்பே டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருக்கிறது. நாப்-பாக்லிடாக்சலில் அந்தக் கரைப்பான் இல்லை. மனித இரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு மருந்தைப் பிணைத்து, சுமார் 130 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக ஆக்கியிருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். 2005இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்தைச் சுமார் 30 நிமிடங்களில் ஏற்றிவிடலாம். குப்பியில் தூளாக வரும் இதில் உப்புநீரை மெதுவாக, நுரை வராமல், கண்ணாடிச் சுவரோரமாக விட்டுக் கலப்பார்கள். கலந்த பிறகு பால் போல வெண்மையாக இருக்கும். சாதாரண பாக்லிடாக்சல் தெளிவாக இருப்பதைப் பார்த்தவர்கள் இந்த நிறத்தைக் கண்டு மருந்து கெட்டுவிட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

தங்கள் அம்மாவைப் பொறுத்தவரை முடிவு சர்க்கரை நோயில்தான் இருக்கிறது. அது இரு பக்கமும் இழுக்கிறது. ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை அளவு எகிறும். அதைத் தவிர்க்க நாப்-பாக்லிடாக்சல் உதவும். ஆனால் நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் நரம்புகள் ஏற்கெனவே பழுதுபட்டிருக்கக்கூடும், நாப்-பாக்லிடாக்சலோ நரம்பை இன்னும் கூடுதலாகப் பாதிக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரு மருந்துகளையும் கொடுத்து ஒப்பிட்டு 2005இல் வெளியான ஆய்வில், கட்டி சுருங்கியவர்கள் நானோ வடிவில் 33 விழுக்காடு, பழைய வடிவில் 19 விழுக்காடு. கடுமையான நரம்புப் பாதிப்போ முறையே 10 விழுக்காடும் 2 விழுக்காடும். ஆகவே, அம்மாவுக்கு இப்போதே உள்ளங்காலில் மதமதப்போ எரிச்சலோ செருப்பு நழுவுவது தெரியாத நிலையோ இருந்தால், அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். செலவைப் பற்றிப் பேசுவதற்கு முன் பேச வேண்டியது இதுதான்.

இன்னொன்றையும் கேளுங்கள். சாதாரண பாக்லிடாக்சலைக் குறைந்த அளவில் வாராவாரம் கொடுக்கும் முறை இன்று பரவலாக இருக்கிறது. அதனோடு வாராந்தர நாப்-பாக்லிடாக்சலை ஒப்பிட்டு 2015இல் வெளியான பெரிய ஆய்வில் நானோ வடிவம் மேலானதாகத் தெரியவில்லை. பக்கவிளைவுகளே அதிகமாக இருந்தன. பழைய மருந்துக்கு ஒவ்வாமை வந்தவர்கள், ஸ்டீராய்டைத் தாங்க முடியாதவர்கள் ஆகியோருக்கு நானோ வடிவத்துக்குத் தெளிவான காரணம் உண்டு. அத்தகைய காரணம் இல்லாமல், நகையை அடகு வைத்து இதை வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். முடி இரண்டு வடிவங்களிலும் கொட்டும்.

நானோ துகள் நேராகக் கட்டிக்கே போய்ச் சேரும் என்று பலர் நம்புகிறார்கள். கட்டிக்குள் அவசரமாக முளைக்கும் இரத்தக் குழாய்களில் ஒழுகும் இடைவெளிகள் இருப்பதும், அவற்றின் வழியே துகள்கள் உள்ளே புகுந்து தேங்குவதும் 1986இலேயே ஜப்பானில் விளக்கப்பட்டன. ஆனால் பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான கட்டுரையின்படி, செலுத்திய துகள்களில் கட்டியை அடைந்தவை 0.7 விழுக்காடு அளவே. அந்த ஆய்வுகளும் பெரும்பாலும் எலிகளில் நடந்தவை. மீதியில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. எனவே நானோ மருந்துகளின் உறுதியான பலன் பல வேளைகளில் பக்கவிளைவு மாறுவதில்தான் இருக்கிறது. கொழுப்புறைக்குள் டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தை அடைத்த டாக்ஸில் 1995இல் ஒப்புதல் பெற்றது. இதயத்துக்கு அதனால் வரும் கேடு குறைவு, உள்ளங்கை, உள்ளங்கால் தோல் உரிவது அதிகம். 2012இல் அமெரிக்காவில் அதற்குத் தட்டுப்பாடு வந்தபோது, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட சன் ஃபார்மாவின் லிப்போடாக்ஸைத்தான் இறக்குமதி செய்ய அனுமதித்தார்கள். இந்தியத் தயாரிப்பு என்பதற்காக மட்டும் ஒரு நானோ மருந்தைத் தாழ்வாக எண்ண வேண்டாம்.

விளம்பரத்தை நம்ப வேண்டாம். நோயறிவதில் நானோ துகள்களுக்கு இடமில்லை என்பதல்ல. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தோன்றும் செங்கோடே பெரும்பாலும் தங்க நானோ துகள்களால் வருவதுதான். ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோயில், கதிரியக்க டெக்னீசியம் சேர்ந்த நுண்துகள்களை மார்பில் செலுத்தி, அக்குளில் எந்த நிணநீர்க் கணுவுக்கு நோய் முதலில் போகும் என்று அறுவை சிகிச்சையின்போது கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் எல்லாப் புற்றுநோயையும் ஒரு சொட்டு இரத்தத்தில் உறுதி செய்து, பயாப்சியை (கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்துச் செய்யும் பரிசோதனையை) தேவையற்றதாக்கும் சோதனை எதுவும் இல்லை. நானோ தங்கத்தை உட்கொண்டு மார்பகப் புற்றுநோய் குணமாகும் என்பதற்கும் சான்று கிடையாது. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. யாராவது ‘ஆராய்ச்சி சிகிச்சை’ என்று சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009 முதல் அந்தப் பதிவு கட்டாயம்.

நாப்-பாக்லிடாக்சல்தான் என்று முடிவானால், உயரமும் எடையும் கொண்டு கணக்கிட்ட அளவை எழுதி வாங்குங்கள். மூன்று வார முறையில் சதுர மீட்டருக்கு 260 மில்லிகிராம் என்பதால், 1.5 சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 390 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குப்பிகள் நான்கு. கடையில் இருப்பில்லை என்று சாதாரண பாக்லிடாக்சலைக் கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள். இரண்டின் அளவும் வேறு, ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. ஐயம் தீரவில்லை என்றால், பயாப்சி அறிக்கையோடு பரேலில் உள்ள டாடா ஆஸ்பத்திரியில் இரண்டாம் கருத்துக் கேட்கலாம். அதற்காகச் சிகிச்சையைத் தொடங்குவதை வாரக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் விரல் நுனிகளில் மதமதப்பு கூடியிருக்கிறதா, சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா என்று பார்த்துச் சொன்னால், மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது இடைவெளி விடுவார். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் அம்மாவை நடக்க விடாதீர்கள். உணர்ச்சி குறைந்த காலில் பட்ட காயம் அவருக்குத் தெரியாது, அதன் வழியே எலிக்காய்ச்சல் கிருமி நுழையக்கூடும். தினமும் இரவில் நீங்களே அவர் பாதத்தை, விரலிடுக்கு உட்பட, வெளிச்சத்தில் பாருங்கள்.