பாங்காக் என்றால் எந்த பாங்காக்?

கிள்ளானிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “கோலாலம்பூர்–பாங்காக் டிக்கெட்டில் புறப்பாடு 10:00, சேர்வது 11:10 என்று இருக்கிறது. திரும்பும்போது 3 மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. எது சரி? பாங்காக்கில் இறங்கி இரண்டே கால் மணி நேரத்தில் ஹனோய் விமானம் பிடிக்க வேண்டும். கூட 68 வயது அம்மா வருகிறார். நேரம் போதுமா?”

போக, வர இரண்டுக்குமே ஏறக்குறைய 2 மணி 10 நிமிடம்தான் ஆகும். டிக்கெட்டில் அந்தந்த ஊரின் கடிகார நேரம்தான் அச்சாகும். தாய்லாந்து மலேசியாவுக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது. தூரம் சுமார் 1,220 கி.மீ., கிட்டத்தட்ட நேர் வடக்கு. அதனால் சூரியனைப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசமே கிடையாது. 1982 தொடங்கியபோது போர்னியோ தீவிலுள்ள சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரம் வேண்டும் என்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். அதுவரை அரை மணியாக இருந்த இடைவெளி அன்றிலிருந்துதான் ஒரு மணி நேரம் ஆனது.

சரி, என்னைப் பதற வைத்தது கேள்வியின் பின்பாதி. பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள். 2006-ல் திறந்த சுவர்ணபூமியின் குறியீடு பிகேகே. பழைய டான் முவாங் டிஎம்கே. மலிவுக் கட்டண விமானங்கள் பல டான் முவாங்கில்தான் இறங்குகின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்குச் சாலை வழியாக 40 கி.மீ.க்கு மேல். அன்றைய டிக்கெட்டைக் காட்டினால் இலவசப் பேருந்து உண்டு, ஆனால் அதுவும் அதே நெரிசலில்தான் போயாக வேண்டும்.

உங்கள் ஏஜென்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இரண்டு பயணத்துக்கும் ஒரே முன்பதிவு எண்ணா? இரண்டு மலிவு டிக்கெட்டை ஒட்டவைத்து ‘கனெக்‌ஷன்’ என்று விற்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பொதுவாகக் குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடியும் செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போனதுதான். நகரத்தின் பெயரை மட்டும் பெரிதாகப் போட்டு, நிலையத்தின் பெயரைப் பொடி எழுத்தில் ஒளித்து வைக்க இணையதளங்களை யார் அனுமதிக்கிறார்களோ தெரியவில்லை. எத்தனை குடும்பங்கள் இதில் பணத்தை இழந்திருக்கின்றன!

வெளியே வருவதென்றால் தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டையும் வேண்டும். 2025 மே முதல் கட்டாயம். சேரும் நாளுக்கு முந்தைய 3 நாட்களுக்குள் அரசின் தளத்தில் நிரப்பினால் போதும், காசே கிடையாது. அதற்குக் கட்டணம் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை. ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்காதீர்கள்.

ஒரு விலக்கு உண்டு, கவனமாகப் படியுங்கள். குடிநுழைவைத் தாண்டாமல், உள்ளேயே விமானம் மாறுகிறவர்களுக்கு அந்த அட்டை தேவையில்லை. அதாவது ஒரே முன்பதிவு, பெட்டி நேராக ஹனோய்க்கு, இரண்டு விமானமும் ஒரே நிலையத்தில். மூன்றும் பொருந்த வேண்டும். பெட்டியை எடுக்க வெளியே வந்துவிட்டாலே நீங்கள் தாய்லாந்துக்குள் நுழைந்தவர். அப்போது அட்டை கட்டாயம்.

உங்கள் டிக்கெட்டில் டிஎம்கே-யில் இறங்கி பிகேகே-யில் ஏறுவதாக இருந்தால் இரண்டே கால் மணி நேரம் போதாது. ஒரே நிலையம், தனித்தனி டிக்கெட் என்றாலும் அம்மாவோடு நான் துணிய மாட்டேன். கோலாலம்பூரிலிருந்து ஹனோய்க்கு நேரடி விமானமே இருக்கிறது. மூன்றேகால், மூன்றரை மணி நேரம்தான். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதையே எடுங்கள். அம்மாவுக்கு நடப்பது சிரமம் என்றால் சக்கர நாற்காலியை இரண்டு நாள் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லி வைத்துவிடுங்கள்.