காய்ச்சல் விட்டுத் திரும்ப வந்திருக்கு: கொடிகாமத்திலிருந்து கேட்டவருக்கு

68 வயது அப்பாவுக்கு இன்புளுவன்சா காய்ச்சல் நாலாம் நாள் விட்டு, ஏழாம் நாள் குளிர் நடுக்கத்தோடு திரும்பியிருக்கிறது, சளியும் மஞ்சள், வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலின் குளிசையைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். இன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள்.

விட்டுத் திரும்புகிற காய்ச்சல்தான் இங்கே பெரிய அடையாளம். வைரசு மூச்சுக்குழாயின் உட்படையை உரித்துவிடுகிறது. சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் அழிய, தொண்டையில் சும்மா கிடந்த நியூமோகொக்கஸ் போன்ற பற்றீரியா நுரையீரலுக்குள் இறங்கிப் புண்ணான இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதைவிட, வைரசை அடக்க உடல் சுரக்கிற இன்டர்பெரோன்களே பற்றீரியாவை விழுங்கும் வெண்குருதிக் கலங்களை மந்தமாக்கிவிடுகின்றன. 1918 இன்புளுவன்சா பெருந்தொற்றில் இறந்தவர்களில் பெரும்பாலானோரைக் கொண்டுபோனது இப்படி வந்த நிமோனியாதான்.

அவர் ஆறி இருக்கும்போது மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30 அல்லது அதற்கு மேல், விரலில் மாட்டிப் பார்க்கும் ஒக்சிசன் அளவு 92%க்குக் கீழ், புதிதாக வந்த புத்தித் தடுமாற்றம், இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திராமல் நேரே யாழ் போதனா வைத்தியசாலை.

மிஞ்சின குளிசை அரைகுறை அளவு. காரணம் ஸ்டெபிலோகொக்கஸ் என்ற பற்றீரியா என்றால் அதற்குப் பெரும்பாலும் கேட்காது, சளிப் பரிசோதனையையும் குழப்பும்.

டெங்குக் காய்ச்சலும் விட்டுத் திரும்பும். இரத்தப் பரிசோதனை முடியும்வரை இபுபுரோபன், டைக்ளோபெனக் என்ற வலிக் குளிசைகள் வேண்டவே வேண்டாம். பரசிற்றமோல் 500 மி.கி. குளிசை இரண்டு, 6 மணித்தியால இடைவெளியில், நாளுக்கு 8 குளிசைக்கு மேல் போகக்கூடாது. அப்பா 50 கிலோவுக்குக் குறைவு, அல்லது ஈரல் வருத்தம் இருந்தால் அளவைக் குறைக்கவேண்டும், வைத்தியரிடம் சொல்லுங்கள்.